டிஸ்க் போட்டா போதுமா?

1996-லேயே உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ வைத்திருக்கும் நம்ம பசங்களுக்கு ஒரு வியாதி. முன்னால் பல்சர் ஃபோர்க், அலாய் வீல், டிஸ்க் பிரேக் மாட்டினால்தான் அது வண்டியாம். நல்ல பிரேக் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. மழையில் நனைந்த டிரம்மை நம்பி ஓட்டியவனுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. என் சண்டை லேத் பட்டறையோடு. ஃபோர்க்கை சேஸியோடு சேர்க்கும் ஸ்டெம் அளவு ஒத்துவரவில்லையா? வெட்டி, வேறொன்றை வெல்டிங் வைத்து, "ஓடும் தம்பி" என்கிறார்கள். பிரேக் பிடித்தால் எடையில் பெரும்பங்கு முன்னால் வந்து இறங்குவது அந்த ஒட்டின்மேல்தான் ஐயா! நல்ல ஷூ, புது கேபிள், புது டயர் போட்டாலே பாதிக் குறை தீரும் (அதைப் போட்டோ எடுத்துப் போட முடியாதே). 2019 திருத்தச் சட்டத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம். அதை விடுங்கள். ஸ்டெம்மை வெட்டாமல் பேரிங் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் டிரம்மோடே வீடு வந்து சேருங்கள்.