ஸ்பானர் பிடித்தவன்

"இன்ஜினைப் பூட்டுவது ஒரு வித்தையா, ஸார்? படம் போட்டுக் கொடுத்தால் எவன் வேண்டுமானாலும் நட்டைத் திருகிவிடுவான். படம் போடுகிறவனுக்குத்தான் மூளை வேண்டும்!"

என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே நண்பர் ஒருவர் இப்படித் திருவாய் மலர்ந்தருளினார். அமெரிக்காவில் சிலர் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் செய்து, இன்ஜினையும் தாங்களே பூட்டிப் பறக்கிறார்கள் என்று நான் பிரஸ்தாபித்ததுதான் வினையாகப் போயிற்று. நண்பர் மெத்தப் படித்தவர். நானோ கல்லூரியைப் பாதி வழியில் விட்டவன். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரைச் சும்மா விடுவதாக இல்லை.

சொந்தமாகச் செய்த விமானங்களில் மூத்தது ரைட் சகோதரர்களுடையது. ஓஹையோ மாகாணத்து டேடன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் அவர்கள். தங்களுக்கு ஏற்ற லேசான இன்ஜின் கிடைக்குமா என்று பல கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கடையில் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த சார்லி டெய்லர் என்பவரிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. அதற்கு முன் அவருக்கு இன்ஜின் பழக்கம் என்றால், எப்போதோ ஒரு மோட்டார் காரைப் பழுது பார்க்க முயன்றதுதான்!

நண்பர் சொன்ன 'படம்' எங்கே? முறையான வரைபடமே கிடையாது. மூவரில் ஒருவர் கிடைத்த துண்டுக் காகிதத்தில் ஒரு பாகத்தைக் கிறுக்குவார். டெய்லர் அதைத் தம் வேலை மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொள்வார். ஒரு லேத்து, துளை போடும் யந்திரம் ஒன்று, சில கைக்கருவிகள் - இவ்வளவுதான் பட்டறை.

கிராங்க் ஷாஃப்டை அவர் செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன். சுமார் நூறு ராத்தல் எடையுள்ள எஃகுப் பாளம் ஒன்று. அதன்மேல் தண்டின் வடிவத்தைக் கோடிட்டார். கோட்டை ஒட்டி வரிசையாகத் துளைகள் போட்டார். சுத்தியலும் உளியும் கொண்டு வேண்டாத பாகத்தைத் தட்டி எடுத்தார். பிறகு லேத்தில் ஏற்றிக் கடைந்தார். முடிவில் நின்றது 19 ராத்தல். பாக்கி எஃகெல்லாம் தரையில் குப்பை! துளை ஒரு நூல் உள்ளே தள்ளிப் போயிருந்தால் பாளமே பாழ். அந்தக் கணத்தில் மூளை எங்கே இருந்தது என்று நண்பர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

ஆறே வாரத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜின் தயாராயிற்று. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி ஓடியது. மறுநாளே, சொட்டிய பெட்ரோலால் பேரிங்குகள் இறுகிப்போய், அலுமினிய உடல் வெடித்தது. ஏப்ரலில் புது வார்ப்படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பூட்டினார்கள். இரண்டாம் தடவை பூட்டுகிறவனுக்கு வேண்டிய பொறுமையை எந்தப் பரீட்சையில் சோதிக்கிறார்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அது அப்படியொன்றும் அற்புதமான இன்ஜின் அல்ல. நாம் அறிந்த கார்பொரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. சூடேறியபின் 12 குதிரை சக்திதான். அதே வருஷம் லாங்லி என்ற விஞ்ஞானியின் விமானத்துக்கு சார்லஸ் மான்லி உருவாக்கிய இன்ஜின் 52 குதிரை சக்தி கொண்டது. அந்த விமானமோ இரண்டு தடவையும் பொடோமாக் நதியில் விழுந்தது. ஆகவே விமானத்தை அடக்கி ஓட்டும் வழியையும், நல்ல சுழல் விசிறியையும் கண்டுபிடித்த சகோதரர்களின் மேதையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு குதிரைகள் இல்லாவிட்டால் அவர்களிடம் இருந்திருப்பது மணல்மேட்டிலிருந்து சறுக்கி இறங்கும் கிளைடர்தானே, ஐயா?

டிசம்பர் 17-ஆம் தேதி கிட்டி ஹாக்கில் அந்த விமானம் 12 விநாடி பறந்தது. டெய்லர் அங்கே இல்லை. டேடனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் நிலம் வாங்கிப் பணத்தை இழந்தார். 1930-களில் லாஸ் ஏஞ்சலிஸ் விமானத் தொழிற்சாலை ஒன்றில் மணிக் கூலிக்கு வேலை செய்தார். 1948-இல் காலமான ஆர்வில் ரைட், வருஷத்துக்கு 800 டாலர் அவருக்குக் கிடைக்கும்படி உயில் எழுதியிருந்தார், நன்றி மறக்கவில்லை. விலைவாசிதான் அந்தப் பணத்தைத் தின்றுவிட்டது. 1955-இல் தர்ம ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தவரைக் கண்டுபிடித்து, விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள் பணம் திரட்டி நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்களில், 1956 ஜனவரி 30-ஆம் தேதி, 87-ஆம் வயதில் காலமானார். இன்று அவர் பிறந்த மே 24-ஐ அமெரிக்காவில் விமான மெக்கானிக்குகளின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாமும் வருஷத்துக்கு ஒருநாள் ஸ்பானருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். ஸ்பானர் பிடிக்கும் பையனைத் திண்ணையில் நிறுத்தி வைத்தே கூலி கொடுக்கிறோம்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "அந்தத் தண்டு இப்போது எந்தக் காட்சிசாலையில் இருக்கிறது?" என்றார்.

எங்கும் இல்லை. 1906-இல் நியூயார்க்கில் நடந்த காட்சி ஒன்றுக்கு அதை அனுப்பி வைத்தார்கள். திரும்பி வரவே இல்லை.