புயல் வழியும் புஞ்சைச் சம்சாரியும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகப் போகிறது என்ற செய்தி வந்த மறுநாளே, கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் வட்டாரத்து டீக்கடைகளில் கைபேசிகள் வெளியே வந்துவிடுகின்றன. ஒருவர் கையில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் போட்ட கோடு, இன்னொருவர் கையில் ஐரோப்பியக் கம்ப்யூட்டர் போட்ட கோடு, மூன்றாமவரிடம் நம் நாட்டுக் கணக்கு. ஒரு கோடு சென்னைக்குப் போகிறது; ஒன்று நாகப்பட்டினத்துக்கு; மற்றொன்று இலங்கையைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் நுழைகிறது. "இதுல எதை நம்ப ஐயா?" என்று என்னைக் கேட்காத சம்சாரி இல்லை.

அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. அதை நான் உணர்ந்துகொள்ள ஒரு சம்சாரி விலை கொடுக்க வேண்டியிருந்தது.

2020 டிசம்பர் முதல் வாரம். புரெவி புயல் 2-ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரையேறியது. அது மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, 3-ஆம் தேதி இரவோ 4-ஆம் தேதி அதிகாலையோ பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. புதூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் நாலு ஏக்கர் உளுந்தைக் காட்டி என்னிடம் யோசனை கேட்டார். விதைத்து ஐம்பது நாள் ஆன பயிர். காய் பாதிக்கு மேல் பச்சை. கையிலிருந்த படத்தில் ஒரு கோடு நேரே தூத்துக்குடி மாவட்டத்தின் மேல் போயிற்று. "பிடுங்கிப் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, நின்றால் அழுகிவிடும்" என்று நான் சொன்னேன். அவரும் ஆள் கூட்டிப் பிடுங்கினார்.

புயல் வரவில்லை. மன்னார் வளைகுடாவுக்குள் வந்ததும் வலுவிழந்து, இராமநாதபுரம் கடற்கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று, அங்கேயே கரைந்துபோயிற்று. பெருமழை பெய்தது நமக்கல்ல. இருநூறு கிலோமீட்டருக்கும் வடக்கே, 4-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நம் சம்சாரிக்குப் பன்னிரண்டு மூட்டை வரவேண்டிய இடத்தில் சூம்பிய மணியாக ஐந்து மூட்டை தேறியது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கோடுகள் ஏன் ஒன்றுக்கொன்று மாறுகின்றன? கம்ப்யூட்டர் ஜோசியம் பார்ப்பதில்லை. இந்த நேரத்தில் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் எங்கெங்கே எவ்வளவு என்று கொடுத்தால், அடுத்த சில நிமிடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறது; அந்த விடையை வைத்து அதற்கடுத்த சில நிமிடம்; இப்படியே பத்து நாள் வரை. தொடக்கக் கணக்கில் சிறு பிசகு இருந்தாலும் போகப்போக அது பெருகும். 1961-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர், 0.506127 என்று கொடுக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் காட்டிய வானிலை முதலில் ஒத்துப்போய், பின்னர் முற்றிலும் வேறாகிவிட்டது. நம் வங்கக் கடலிலோ அளந்து சொல்ல ஆளில்லை. மிதவைகள் சில, கப்பல்கள் சில. மற்றதெல்லாம் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துச் சொல்வதுதான்.

புயல் பிறக்கும்போது குழப்பம் இன்னும் அதிகம். மையமே சரியாக உருவாகாத தாழ்வுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஓரிடத்தில் மையம் வைக்கும். மற்றொன்று நூறு கிலோமீட்டர் தள்ளி வைக்கும். அதோடு வலுவும் வழியை மாற்றும். வலுவில்லாத தாழ்வு கட்டையாக இருக்கும். கீழ்மட்டத்துக் கீழைக்காற்று அதை மேற்கே இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வலுத்த புயல் உயர்ந்து நிற்கும். மேல்மட்டக் காற்றும் அதைப் பிடித்து இழுப்பதால் பெரும்பாலும் வடக்கே சாயும். ஆகவே ஒரு கணக்கு சென்னையையும் மற்றொன்று மன்னார் வளைகுடாவையும் காட்டினால், இரண்டுக்கும் உள்ள சண்டை பல சமயம் வழியைப் பற்றியதல்ல. புயல் எவ்வளவு வலுக்கும் என்பதைப் பற்றியது. தள்ளும் காற்று இரு பக்கமும் சமமாகிவிட்டால் புயல் நின்றுவிடும். புரெவி அப்படித்தான் நின்றது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் அங்கேயே நின்று கொட்டியது.

இந்த அமெரிக்கக் கணக்கு நாளைக்கு நான்கு முறை புதிதாகப் போடப்படுகிறது. நீங்கள் பார்க்கும் படம் முந்தாநாள் காலையில் போட்டதாக இருக்கலாம். கைமாறிக் கைமாறி இன்று உங்களிடம் வந்திருக்கிறது. தேதியும் மணியும் இல்லாத படத்தைப் பார்க்கவே வேண்டாம்.

கோட்டின் நம்பகம் எவ்வளவு என்பதற்கு அளவு உண்டு. அண்மை ஆண்டுகளின் சராசரிப்படி, இந்திய வானிலைத் துறை ஒரு நாள் முன்பு சொன்ன இடத்திலிருந்து புயல் மையம் ஏறத்தாழ 75 கி.மீ. விலகுகிறது, மூன்று நாள் முன்பு சொன்னதிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் இது ஏறக்குறையப் பாதிதான், பாராட்டவேண்டிய முன்னேற்றம். ஆனால் புதூரிலிருந்து பாம்பன் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நன்றாகச் சொன்ன முன்னறிவிப்பில்கூட நமக்கும் பாம்பனுக்கும் உள்ள தூரம் அடங்கிவிடுகிறது. 2018-இல் கஜா புயல், நவம்பர் 11-ஆம் தேதி அறிவிப்பில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கடக்கும் என்றிருந்தது. 16-ஆம் தேதி அதிகாலையில் அது கடந்த இடம் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே. அறிவிப்பு இடையில் திருத்தப்பட்டுக்கொண்டேதான் வந்தது. முதல் படத்தோடு நிறுத்திக்கொண்டவர்தான் ஏமாந்தார்.

பின் எதைப் பார்ப்பது? எந்தக் கோடு சரி என்று பார்க்காதீர்கள்; கோடுகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று பாருங்கள். கணக்குப் போடுகிறவர்களே இதைத்தான் செய்கிறார்கள். ஐரோப்பிய நிலையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது தடவை தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்கிறது. ஐம்பதும் ஒரே கயிறாகத் திரண்டிருந்தால் துணிந்து இறங்கலாம். விரித்த துடைப்பம்போல் இருந்தால் இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். இரு கற்றையாகப் பிரிந்து ஒன்று வடக்கேயும் ஒன்று தெற்கேயும் போனால், நடுவில் கோடு கிழித்துச் சராசரி பார்ப்பது வீண் வேலை. நடுவில் புயல் போகும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லையே! வானிலைத் துறை தன் படத்தில் கோட்டைச் சுற்றிக் கூம்புபோல் நிழலிட்டுக் காட்டுவதும் இதற்காகவே. வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலும் அந்த நிழலை வெட்டிவிட்டுக் கோட்டை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

இனி, அதே சம்சாரியின் கதையில் பாக்கி உண்டு. 2023 டிசம்பர் 16-ஆம் தேதி அவருடைய அதே புஞ்சையில் பாசிப்பயறு. இந்தத் தடவை காய் முற்றிக் கறுத்துவிட்டது. தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. நான் போனில் கூப்பிட்டு, முற்றியதைப் பிடுங்கி மேட்டில் படப்புப் போட்டுத் தார்ப்பாய் மூடிவிடுங்கள் என்றேன். "புயல் எங்க ஐயா இருக்கு? படத்துல கோடே இல்லையே" என்றார். உண்மைதான். அந்த மாதத் தொடக்கத்தில் சென்னையை முழுக்கடித்த மிக்ஜாம் புயலுக்குக் கோடு இருந்தது. இதற்கு இல்லை. குமரிக் கடல் பக்கம் மேலடுக்கில் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவே. 17-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. கோவில்பட்டியில் அரை மீட்டர் அளவு. ஆண்டு முழுவதும் 70 செ.மீ. சொச்சமே பெறும் ஊரில் ஒரே நாளில் அவ்வளவு! வானிலைத் துறையின் அகராதியில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் "அதிகனமழை". அதற்கு மேலே சொல்வதற்குச் சொல்லே இல்லை. பாசிப்பயறு செடியிலேயே முளைத்தது. மிச்சம் கண்மாய் உடைந்த தண்ணீரோடு போயிற்று.

முதல் தடவை நான் கோட்டை நம்பினேன். இரண்டாம் தடவை அவர் கோடில்லை என்பதை நம்பினார். இரண்டு தடவையும் மழை கோட்டைப் பார்த்துப் பெய்யவில்லை.

ஆகவே புஞ்சைச் சம்சாரி, புயல் வருமா என்று கேட்பதற்கு முன், தப்பாகிப்போனால் எனக்கு என்ன நட்டம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முற்றிய உளுந்தையோ பாசியையோ நாலு நாள் முன்னதாக எடுப்பதில் நட்டம் மிகச் சொற்பம். எடுக்காமல் விட்டு மழை பெய்தால் முழு நட்டம். பத்தில் இரண்டு கோடு நம் பக்கம் வந்தாலே எடுத்துவிடுங்கள். பச்சைக் காயாக இருந்தால் கணக்கு தலைகீழ். கோடுகளெல்லாம் திரண்டு, ஒரு நாளே பாக்கி என்று ஆனாலும்கூடப் பிடுங்க வேண்டாம் என்பதே இன்று என் யோசனை; மழை தப்பினால் முழு விளைச்சல், பெய்தாலும் வடிகால் இருந்தால் ஒரு பங்கு தேறும். மக்காச்சோளத்துக்கு யூரியா மேலுரம், உளுந்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பு இவற்றை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. சந்தேகம் என்றாலே தள்ளிப்போடலாம். களத்தில் காயும் மிளகாய் வத்தலுக்கும் அப்படியே, மேகம் கூடினாலே மூடிவிடலாம்.

வடிகாலுக்கு எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை. கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது முதல் மழையை மடமடவென்று குடிக்கும். குடித்து உப்பி, வெடிப்பு மூடிவிட்டால் அடுத்த மழை உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். அப்போது புஞ்சைக்குள் கால் வைக்கவும் முடியாது, மண்வெட்டி பிடிக்கவும் முடியாது. சரிவுப்பக்கம் வரப்பில் வாய் திறந்து வைப்பதை ஐப்பசியிலேயே செய்து முடிக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாள் வேலை. 1992 நவம்பரில் தூத்துக்குடி அருகே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். "நம்ம பக்கம் புயல் வராது" என்று சொல்லும் இளைஞர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அதிகாரிகளுக்கும், என்னைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை அறிவிப்பில் "கனமழைக்கு வாய்ப்பு" என்று எழுதுகிறோம். எவ்வளவு வாய்ப்பு என்று எழுதுவதில்லை. பத்தில் இரண்டா, பத்தில் எட்டா? புயல் தெற்கே வந்தால் விளாத்திகுளம் வட்டாரத்துக்கு என்ன, வடக்கே திரும்பினால் என்ன என்று இரண்டு வரி தமிழில் எழுதுவதற்கு எந்தப் பெரிய கம்ப்யூட்டரும் வேண்டாம். சம்சாரிக்குப் புரியாது என்று நாம் நினைக்கிறோம். மழை பெய்யும் என்று நம்பிப் புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவருக்கு வாய்ப்புக் கணக்கை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தச் சம்சாரி போன கார்த்திகையிலும் போன் செய்தார். "எது நிசம்" என்று கேட்கவில்லை. "எத்தனை கோடு ஐயா நம்ம பக்கம்?" என்றுதான் கேட்டார். பத்தில் மூன்று என்றேன். அவருடைய உளுந்து அப்போது முக்கால் பங்கு கறுத்திருந்தது. மேட்டுப் புஞ்சையை விட்டுவிட்டுப் பள்ளத்துப் புஞ்சையை மட்டும் அன்றைக்கே பிடுங்கச் சொல்லிவிட்டு, தார்ப்பாய் வாங்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார்.