ஐம்பது ரூபாய் உயிர்

நாயைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே நீங்கள் கேட்கப்போகும் கேள்வி தெரியும். 'நீ நாய்க் கட்சியா, மனுஷக் கட்சியா?'

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதிலிருந்து டி.வி. விவாதம், டீக்கடை, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் என்று எங்கே பார்த்தாலும் இந்த இரண்டு கட்சிகள்தான். நான் இரண்டிலும் இல்லை. நான் வெண்ணந்தூர் கட்சி!

ராசிபுரத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தத்தோடு தூங்கி தறிச் சத்தத்தோடு விழிக்கிற ஊர் வெண்ணந்தூர். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் குடும்பம். கணவர் தறி ஓட்டுகிறார். மனைவி தார் சுற்றுகிறார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை ராத்திரி. சேலம் - நாமக்கல் ரோட்டோரம் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன நாயை, கோணிச்சாக்கில் சுற்றி டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வைத்து எடுத்துவந்தார் அவர். பின்னங்கால் நசுங்கியிருந்தது. கழுத்தில் பட்டை இருந்தது. அந்தப் பட்டையைக் கவனியுங்கள். யாரோ ஆசையாக வாங்கிக் கட்டிய பட்டை. அக்கம்பக்கத்து ஊர்களில் விசாரித்தும், தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டுபோனார்கள். காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது. பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் கருத்தடை. ஒவ்வொரு முறையும் தறி நின்றது. தறி நின்றால் கூலியும் நிற்கும்.

'சோத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்குது, நொண்டி நாய்க்கு வைத்தியமா?' என்றார்கள் தெருவில். அந்தம்மா சொன்ன பதில் இது: 'எடுத்துட்டு வந்தாச்சுங்க. பாதியில விட்டா, ரோட்டுல எறக்கிவிட்டுட்டுப் போனவனுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?'

இன்றைக்கு மணி என்ற அந்த மூன்றுகால் நாய், ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே நிம்மதியாகத் தூங்குகிறது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து பார்க்கிறது. 'வீட்டுக்குள்ள நாயா?' என்று முதலில் முகம் சுளித்த பாட்டி, இப்போது அது சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை.

முதலில் நாய்க் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. கடித்த இடத்தை உடனே 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்வதுதான் தற்காப்பு. ஆகவே, ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளியின் பயத்தை, டியூஷன் விட்டு வருகிற குழந்தையின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். தினம் பிஸ்கட் போடுகிறீர்களே, அந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்றா? கருத்தடை? இல்லையென்றால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

அடுத்து மனுஷக் கட்சி. 'புடிச்சுக் கொன்னு போடுங்க சார், பிரச்னை தீர்ந்தது' என்கிறீர்கள். தீரவில்லையே! சென்னையில் நூறு வருஷத்துக்கும் மேலாக நாய்களைக் கொன்று பார்த்தார்கள். நாய்கள் குறையவில்லை. 1964-லிருந்தே ப்ளூ கிராஸ் கருத்தடையைச் சொல்லியும் செய்தும் வந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்தான். உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்ட் 22-ல் தன் உத்தரவை மாற்றி, வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. இதையெல்லாம் செய்யவேண்டியது உள்ளாட்சிகள். எத்தனை பேரூராட்சிகளில் இதற்கு டாக்டரும் இடமும் பணமும் இருக்கின்றன? உங்கள் கவுன்சிலரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா?

சட்டத்தையும் பாருங்கள். வளர்த்த பிராணியைப் பட்டினிக்கு விட்டுவிட்டுப் போவது, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! பைக் பார்க்கிங்குக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

2016 ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மாடியிலிருந்து வீசினார், இன்னொருவர் படம் எடுத்தார். நாடே கொதித்தது. எலும்பு முறிந்தும் உயிரோடு கிடைத்தது அந்த நாய். 'பத்ரா' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வீடும் கிடைத்தது. மாடியிலிருந்து எறிந்தால் கொதிக்கிற நாம், காரிலிருந்து இறக்கிவிட்டால் கண்டுகொள்வதில்லை.

இத்தனைக்கும் நாய்க்கு நடுகல்லில் இடம் கொடுத்த இனம் நாம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப் பூசலில் மாண்ட வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் உண்டு. கல்வெட்டில் அதன் பெயரே இருக்கிறது: கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன்னால் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். இன்று நமக்கு 'நாயே' என்பது வசவு.

அடுத்த பிறந்தநாளுக்கு உங்கள் பிள்ளை நாய்க்குட்டி கேட்கும். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை விலை கொடுத்து வாங்கி சேலத்து வெயிலில் கட்டிப்போடாதீர்கள். தெருவில் ஒரு குட்டி நிச்சயம் இருக்கும். அதை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு வருஷம் போல இருக்கும். வீடு மாறும்போதும் இருக்கும், கிழடு தட்டிக் கண் தெரியாமலும் இருக்கும். வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் எடுக்காதீர்கள். உங்களை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

எடுத்துவிட்டீர்கள் என்றால், வெண்ணந்தூர் அம்மா சொன்னதுதான். எடுத்துட்டு வந்தாச்சுங்க. அப்புறம் என்ன பேச்சு?