மாவளி கட்டத் தெரிந்த கைகள்

ஐப்பசி பிறந்தால் முதியோர் இல்லங்களுக்குச் சேலை, இனிப்போடு போகிறோம், படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கீழ்பென்னாத்தூர்க்காரியான எனக்கு இது போதவில்லை. அங்கிருப்பவர்களிடம் வேலை கேளுங்கள் என்கிறேன்.

ஆண்பனையின் பூவைக் குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டினால் மாவளி. கார்த்திகை தீபத்தன்று தீப்பொறி சிதற அதைச் சுற்றியவர்கள் நம் பக்கத்துத் தாத்தாக்கள். பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினால் ஆசையாகக் கற்றுக்கொடுப்பார்கள். பாட்டிகள் திரி திரிப்பார்கள், பொரி உருண்டை பிடிப்பார்கள்.

மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்க 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழிசெய்கிறது. கூரையும் சோறும் அதில் கிடைக்கும். பேச்சுத்துணைக்கு ஊர்தான் போக வேண்டும்.

அண்ணாமலையில் மகாதீபம் ஏறும் மாலையில், மலை தெரியும் இடத்துக்கு அவர்களை வேனில் அழைத்துப் போவோம். அடைமழைக் காலம், குடையும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.