குடாவில் இறங்கும் மண்

திருகோணமலைத் துறைமுகத்தின் அழகைப் பேசுவோர் பலர்; அதன் அடியிற் கிடக்கும் மண்ணைப் பேசுவோர் அரியர். ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உள்துறைமுகத்தை நாள்தோறும் காணும் மாணாக்கரும், நீர் ஆழமானது என்ற அளவிலே நின்றுவிடுகின்றனர். ஆறு ஒன்று அணித்தே மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்க, அம்மண் எங்கே போகின்றது என்னும் வினா அவர்தம் உள்ளத்தில் எழுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி மூதூர்ப் பக்கத்திலே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. விசை தளர்ந்தவுடன் பருமணல் கரையருகே தங்கும். நுண்களி நெடுந்தூரம் மிதந்து சென்று மெல்லப் படியும். (பருமணல், அயிர்மணல், வண்டல், களி, அளறு என நம் முன்னோர் வேறுபடுத்திப் பெயரிட்டதை இவ்விடத்து நினைத்துக்கொள்கின்றோம், தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு இதுவே விடை.) இங்ஙனம் படிந்த அடையல் கண்டமேடையை அடுக்கடுக்காக மூடுகின்றது. மேடையின் விளிம்புக்கு அப்பாலுள்ள சாய்விலோ அது நிலைத்து நில்லாது. பாரம் மிகுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் சரிந்து, கலங்கல் ஓட்டமாகி ஆழ்கடலை நோக்கிப் பாயும். 1929 நவம்பர் 18ஆம் நாள் நியூபவுண்லாந்துக்குத் தெற்கே கடலடி நடுங்கியபோது தந்திக் கம்பிகள் சில உடனே அறுந்தன. இன்னும் ஆழத்திற் கிடந்தவை மணிக்கணக்கிற் பிந்தி ஒன்றன்பின் ஒன்றாய் அறுந்தன. காரணம் இத்தகைய ஓட்டமே என 1952இல் ஹீசனும் யூவிங்கும் விளக்கினர்.

பிற கடற்கரைகள் பலவற்றிலே ஆற்றுமண் சாய்வை எட்ட மேடை முழுவதையும் கடத்தல் வேண்டும். நம் ஊரில் அவ்வாறன்று. குடாவினுள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கி, மேடையைப் பிளந்துகொண்டு 3000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகின்றது. அதனுட் புகுந்த மணல் மீண்டும் கரைக்கு வாராது. எஞ்சுவதே நம் கரைக்கு உரியது.

ஆகவே வரவு குறையுமாயின் இழப்பு முழுவதும் கரையின் தலையிலேயே விழும். வரவோ குறைந்தேயிருக்கின்றது. 1980களில் எழுந்த கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் வண்டலை இடையிலே தடுத்துக்கொள்கின்றன. அவற்றால் வயலும் மின்விளக்கும் பெற்ற நாம் அணைகளைப் பழித்தல் தகாது. ஆயின் அவற்றுக்குக் கீழேயும், மூதூர், கிண்ணியாப் பக்கங்களிலே, ஆற்றுமணலை லொறி லொறியாக வாரிச்செல்வதை நாம் ஒப்பமாட்டோம். கடலிலே வீணாகும் மணல்தானே என்பர் அகழ்வோர். குடாவின் கணக்கை அறியாதார் கூற்று அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொணர்ந்த மண், வங்காள விரிகுடாவின் அடியிலே ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து, நம் கீழ்க்கடலுக்கும் அப்பால் கிடக்கின்றது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட மாநாட்டிலே, இவ்விரிகுடாவின் தென்பகுதிக்கெனத் தனி ஏற்பாடு ஒன்றும் உருவாயிற்று. அடையற்பாறையின் தடிப்பு 1 கிலோமீற்றருக்குக் குறையாத புள்ளிகளை இணைத்துக் கண்டமேடையின் எல்லையைக் கோரலாம் என்பது அது. 2009 மே 8ஆம் நாள் இலங்கை தன் கோரிக்கையை ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிற்று. எங்கோ பிறந்த மண்ணின் தடிப்பை ஆழ்கடலில் அளந்து உரிமை கோரும் நாடு, தன் ஆறு கொணரும் மண்ணை மட்டும் அளவின்றி அள்ளவிடுவது எவ்வகை நியாயம்?

மணல் அகழ உரிமம் வழங்குமுன், ஆற்றுமுகத்துக்கு ஆண்டுதோறும் வந்துசேரும் மணலை அளந்து, அவ்வளவைப் பொதுமக்கள் அறிய வெளியிடல் வேண்டும். அதுவரை கீழ்மகாவலியில் அகழ்வை நிறுத்திவைத்தலே தக்கது. கல்லூரியும் வாளாவிருக்க வேண்டியதில்லை. வாடைக்காற்று ஓய்ந்தபின் மாசி மாதத்திலே புவியியல் மாணாக்கர் மூதூர்க் கரையிற் குறிக்கோல் நட்டு, கோலிலிருந்து நீர்விளிம்புவரை உள்ள தூரத்தை அளந்து பதிவேட்டில் எழுதிவைக்கலாம். பொறியியலிலும் நில அளவையிலும் தேர்ந்த பழைய மாணவர் நம்மிடையே உளர். குறிக்கோலை எங்கே நடுவது, எந்நேரத்து அளப்பது என்று முதலாண்டில் வந்து காட்டித்தர அவர்கள் இசைவார்களாயின், பதிவேட்டை நாமே வாங்கிவைப்போம்.