காக்கப்பட்ட தீவுகளும் காக்கப்படாத சொற்களும்

சாயல்குடிக்கு அருகேயுள்ள மாரியூர், பூவேந்தியநாதர் திருக்கோயிலாலும் உப்பளங்களாலும் பெயர் பெற்ற கடற்கரைச் சிற்றூர். அக்கரைக்கு அப்பாலுள்ள மன்னார் வளைகுடாவில் வேம்பார்க் குழுவைச் சேர்ந்த தீவுகள் மூன்று. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி என்பன அவற்றின் பெயர்கள். படகில் சென்று வந்தவர்கள் இட்ட பெயர்கள் இவை. எந்த ஆய்வுக் குழுவும் கூடி இவற்றை இடவில்லை.

இப்பெயர்களைச் சற்று நின்று படித்தல் வேண்டும். தீவின் மணலுள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரைக் காட்டிலும் எடை குறைந்தது. ஆகவே அதன்மேல் மெல்லிய ஏடுபோல மிதந்து நிற்கும். அளவாகத் தோண்டினால் குடிநீர். ஆழத் தோண்டினால் உப்புநீர். நிலநீரியலார் படம் வரைந்து விளக்கும் இச்செய்தியை, தாகத்தோடு கரையேறிய ஒருவன் 'நல்லதண்ணி' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டான். 'சல்லி' என்பது உடைந்த பவளக் கல்லைக் குறிப்பது. புழுவினிச்சல்லி, காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய பெயர்கள் அத்தீவுகள் எதனால் ஆனவை என்பதைத் தாமே சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனைப்பார் என்பதிலுள்ள 'பார்' கடலடிப் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளையும் இடத்தை முத்துப்பார் என்பதும் அதனால்தான். 21 தீவுகளின் பெயர்ப் பட்டியல் ஒரு நிலவியல் ஏடு எனலாம்.

அறிவியற் சிறப்புக் கருதி ஓரிடத்தைச் சட்டத்தால் காப்பது இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய வழக்கம். பிரித்தானியாவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தாவரம், விலங்கு, நிலவமைப்பு ஆகியவற்றின் சிறப்பால் இடங்களைத் தேர்ந்து குறிக்க வழிசெய்தது. நம் கடலின் சிறப்பு அதற்கு முன்பே அறியப்பட்டதுதான். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் தனித் தொகுதியே வெளியிட்டது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே பாலம்போல் கருதப்பட்ட பலனோகிளாசசு என்னும் புழுவைக் காண விலங்கியல் மாணவர்கள் அங்கே சென்ற காலம் உண்டு. பின்னர்ப் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1986-இல் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோவின் ஏற்பும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடமும் கிடைத்தன.

இக்காப்பு வேண்டாதது என்று யாரேனும் சொன்னால் அவரோடு நான் உடன்படேன். பவளக் கல்லை வண்டி வண்டியாக அள்ளிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தியவர்கள் நாம்தாம். அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற பவளத்திட்டு போனபின் தீவு எவ்வாறு நிற்கும்? கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவின் விலாங்குசல்லியும் நீருள் அமிழ்ந்துவிட்டன. வான் தீவு தேய்ந்து தேய்ந்து, அதைக் காக்கச் செயற்கைத் திட்டுகளைக் கடலுள் இறக்க வேண்டியதாயிற்று. 2001-இல் பவளங்களும் கடல் அட்டையும் கடற்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும் காலம் தாழ்ந்து நேர்ந்ததே.

என் குறை வேறு. ஒரே கடல்மேல் இரண்டு பட்டங்கள் உள்ளன. அவை இருவேறு கருத்துகளின்மேல் நிற்பவை. உயிர்க்கோளக் காப்பகம் என்னும் ஏற்பாடு மையம், இடைவலயம், புறவலயம் என்று வகுத்து, அங்கு வாழும் மனிதரையும் அவ்விடத்தின் உறுப்பாகக் கொள்கிறது. தேசியப் பூங்காவோ மனிதரை வெளியே நிறுத்தியே தொடங்குகிறது. நடைமுறையில் வென்றது பின்னதுதான். அனுமதியின்றித் தீவில் கால் வைத்தல் குற்றம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு வனக்காவலரின் படகே பேரச்சம்.

அப்பெண்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பவர்கள் அவர்கள். ஆய்வாளர் ஜெலிடியெல்லா என்பதை அவர்கள் மரிக்கொழுந்து பாசி என்பர். சர்காசம் அவர்களுக்குக் கட்டக்கோரை. டர்பினேரியா பக்கடாப் பாசி. அதன் உருவத்தைக் கண்டவர் அப்பெயரை மறவார். கிராசிலேரியா கஞ்சிப்பாசி. முதலும் இறுதியும் அகர் தருவன. இடையிரண்டும் ஆல்ஜினேட்டு தருவன. எது எப்பாறையில், எம்மாதத்தில், எக்காற்றில் தழைக்கும் என்பதும், எவ்வளவு விட்டுவைத்தால் மீண்டும் வளரும் என்பதும் அவர்கள் அறிவர். மாதத்தில் 12 நாட்களே எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டவர்களும் அவர்களே. இராமேசுவரம் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு அமைப்பு விருதளித்தது. அமெரிக்காவிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, ஐம்பது கல் தொலைவிலுள்ள நம் கல்லூரிகளுக்குத் தெரியாமல் போயிற்று.

கடல் கெட்டால் அளந்து சொல்ல நிலையங்கள் உண்டு. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. சொல் கெட்டால் யார் அளப்பது? ஒரு தொழில் மறைந்தால் அதன் சொற்களுக்கு நேர்வதை நம் மூத்தோர் கண்டிருக்கிறார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்தை ஆணி, கலிப்பு, குறுவல், வடிவு, தூள் என்று தரம் பிரித்த சொல்வளம், குளியும் வணிகமும் வாழ்க்கையாக இருந்த கீழக்கரை முதலிய ஊர்களில் ஒரு காலத்தில் அன்றாடப் பேச்சு. இன்று ஆணிமுத்து மட்டும் உவமையாக எஞ்சி நிற்கிறது. மற்றவற்றைத் தேடுவோர் ஆங்கிலேய அலுவலர்களின் அறிக்கைகளில், திரிந்த எழுத்துக்கூட்டலில் காணலாம். சங்கு குறித்து 1914-இல் நூலெழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், குளியாட்களிடம் கேட்டு எழுதினார். அக்காலத் தமிழ்ப் புலவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சங்க நூலில் முத்தைக் கண்டு மகிழ்ந்தோம், முத்தெடுத்தவனிடம் பேசவில்லை.

மீனவர் மொழி கொச்சை, அதை ஏட்டில் ஏற்றலாமா என்று கேட்போர் இன்றும் நம் துறைகளில் இருக்கின்றனர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையால் பகுத்தவன் மொழி எவ்வாறு கொச்சையாகும்? நெய்தல் திணையைக் கற்பிக்கும் நாம், கடல் நீரோட்டத்தை 'நீவாடு' என்று இன்றும் சொல்பவரைக் கண்டால் எழுந்து நின்று வணங்க வேண்டும். பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அமைக்கப்பட்டது, மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வுயிரைக் கரையோர மக்கள் ஆவுளியா என்பர். அச்சொல்லைப் பாடநூலில் பார்த்த மாணவர் நம் வகுப்பில் எத்தனை பேர்?

எம்.ஃபில். பட்டத்துக்கு ஒரே புலவரின் ஒரே நூலில் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அப்பட்டமே இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அதை நிறுத்திவிட்டது. முதுகலை மாணவர்க்கோ திட்டக் கட்டுரை இருக்கிறது. அதை நூலகத்தில் முடிக்காமல் மாரியூரிலும் மூக்கையூரிலும் வாலிநோக்கத்திலும் ஏர்வாடியிலும் முடிக்கலாம். இருவர் இருவராகச் சென்று பாசி எடுப்போரிடமும் முதிய மீனவரிடமும் சொற்களைக் கேட்டு எழுதட்டும். சொல், பொருள், எவ்வூர் வழக்கு, எம்மாதத்தில் காணப்படுவது ஆகியவற்றைத் தமிழ்த்துறை குறிக்கட்டும். உயிரினத்தின் அறிவியற் பெயரை விலங்கியல், தாவரவியல் துறையினர் சரிபார்த்துத் தரட்டும். இம்மாவட்டத்து மாணவர் பலருக்கு வீட்டிலேயே பாட்டனார் இருக்கிறார். பயணச் செலவும் இல்லை. ஊர் ஜமாஅத்துகளும் மீனவர் சங்கங்களும் அழைத்தால் முதியோர் மறுக்க மாட்டார்கள்.

அச்சான படிகளுள் ஒன்று பூங்காவை ஆளும் வனத்துறை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அறிவிப்புப் பலகைகளில் இச்சொற்கள் இடம்பெறுமாறு எழுதியும் கேட்கலாம். கரையோரப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி. சொல் தந்த பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று, அவர்தம் பெயர் அச்சிட்ட பக்கத்தோடு.