சிறிய எழுத்தும் பெரிய ஏமாற்றமும்

கடலோர ஊரில் வாழும் என் மைத்துனர், வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் புதுக் கார் வாங்கினார். இரண்டாம் ஆண்டிலேயே கதவின் அடிப்பகுதி துருப்பிடித்தது. 'உத்தரவாதம் இருக்கிறதே' என்ற தெம்புடன் பணிமனைக்குச் சென்றார். அங்கிருந்தவர் கையேட்டைப் புரட்டி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார்: உப்புக்காற்றால் விளையும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது! கடற்கரையில் கார் விற்றவர்களுக்குக் கடற்காற்று வீசுவது தெரியாதா?

இத்தகைய கையேடுகளில் விலக்குப் பட்டியல் நீளமானது. பறவை எச்சம், மரப்பிசின், ஆலைப் புகை, வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதம் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்களையே நாட வேண்டும். பிரேக், கிளட்ச் போன்ற தேயும் பாகங்களை விலக்குவது நியாயமே. ஆனால் காற்றையும் மழையையும் காக்கையையும் விலக்கினால், காரை அலமாரியிலா பூட்டி வைப்பது?

வாசகர்களே, இதற்காக மனம் தளர வேண்டாம். துருவுக்குக் காரணம் காற்றா, தயாரிப்புக் குறையா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்பதையும் வரையறுத்துள்ளது. பொருளில் குறைபாடு இருப்பின் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணம் கொடுக்கும் முன்பே கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதை எழுத்தில் பெறுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.